அக்காவின் இழுப்பு

நம் சங்கத்து அன்பர்களில் பலருக்கு என் மூத்த அக்காவைத் தெரிந்திருக்காது. ஆனால் அவள் சுட்ட முறுக்கைத் தின்னாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்துக்கு ஒரு தெரு தள்ளி, ஓட்டு வீட்டின் பின்கட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் முறுக்கும் தட்டையும் சீடையும் சுட்டுச் சாலைக் கடைகளுக்குப் போட்டவள் அவள்.

1974இல் நாகர்கோவிலிலிருந்து கலியாணம் முடிந்து இங்கே வந்தாள். நான் 1979இல் ஏஜி ஆபீசில் வேலை கிடைத்து வந்தபோது, முதல் நான்கு வருஷம் அவள் கையால்தான் சாப்பாடு. அந்தப் பின்கட்டில் எந்நேரமும் இரண்டு அடுப்பு எரியும். ஒன்றில் விறகும் மடலும் கொதும்பும். இன்னொன்று மரத்தூள் அடுப்பு; இங்கே அறக்கப்பொடி அடுப்பு என்பார்கள். தகர டின்னின் நடுவே ஒரு குப்பியை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் குத்தி இறுக்கி, குப்பியை மெல்ல உருவிவிட்டால் நடுவில் குழி கிடைக்கும். அதில் தீ மூட்டினால் மணிக்கணக்கில் ஒரே சீராக எரியும். முறுக்குக்கு அந்தச் சூடுதான் பதம் என்பாள் அக்கா. புகையும் ஒரே சீராக வரும். ஓட்டின் உட்புறம் தார் பூசியதுபோல் கருத்திருக்கும். புகை ஓட்டில் படிவதைத்தான் பார்த்தோம். வேறெங்கே படிகிறது என்று வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. 1980களில் சாஸ்திர சாகித்ய பரிஷத்காரர்கள் புகைபோக்கி வைத்த ‘பரிஷத் அடுப்பை’ ஊரெல்லாம் கொண்டுவந்தார்கள். "என் உருளி அதிலே உட்காராது" என்று அக்கா மறுத்துவிட்டாள்.

1990 வாக்கில் அவளுக்கு இழுப்பு வந்தது. நாஞ்சில் நாட்டில் நாங்கள் இழுப்பு என்போம். சிலர் இளைப்பு, இரைப்பு என்பார்கள். மலையாளத்தில் ‘வலிவு’. அதுவும் இழுப்பதுதான். இந்த ‘வலி’ என்ற சொல்லால் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு இளம் டாக்டர் அக்காவைப் பரிசோதித்துவிட்டு, "வீட்டில் ஆரெங்கிலும் வலிக்குமோ?" என்று கேட்டார். வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா என்பது கேள்வி. அக்கா அவருக்குத் தமிழ்க் காதால் பதில் சொன்னாள்: "எனக்குத்தான் டாக்டரே. முதுகும் விலாவும் நல்லா வலிக்கும்." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எத்ர கொல்லமாயி?" எத்தனை வருஷம் என்ற அந்த வார்த்தை அக்காவுக்குப் புரிந்தது. "ஒரு இருபது வருசமா." அவர் சீட்டில் எழுதிக்கொண்டார். இருபது வருஷமாகப் புகை பிடிக்கும் பெண்மணி என்று அந்தச் சீட்டு பல காலம் எங்கள் அலமாரியில் இருந்தது. வீட்டில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்த டாக்டர் தன்னையறியாமல் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் இருபது வருஷமாகப் புகையை உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருந்தாள். பீடிக்குப் பதிலாக அடுப்பு.

அதன்பின் முப்பது வருஷம் அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. இடவப்பாதி மழை தொடங்கினால் ஊசி. துலா மழைக்கு மறுபடி ஊசி. போட்ட அரைமணியில் மூச்சு இறங்கும். நாலு நாளில் மறுபடி ஏறும். அத்தான் அவளை மூன்று வருஷம் தொடர்ந்து ஜூன் மாதம் ஐதராபாத்துக்கு ரயிலேற்றிக் கொண்டுபோனார். அங்கே மிருகசீரிட நாளில் விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்வார்கள். சைவக்காரர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருவார்கள். கூட்டத்தில் பாதி தமிழ்க்குரல் என்பாள் அக்கா. அதனால் இழுப்பு தீர்ந்ததாக மருத்துவ ஆராய்ச்சி எதுவும் நிலைநாட்டவில்லை, அவளுக்கும் தீரவில்லை. ஆடாதோடைக் கஷாயம் வீட்டிலேயே உண்டு. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தைச் செய்தார்கள். சளி இளகும். ஆனால் சுருங்கிய மூச்சுக்குழல் அதனால் திறக்காது.

எல்லாவற்றையும் மிஞ்சியது கேப்சூல் கதை. ஒருமுறை அவளுக்கு ரோட்டாகேப் எழுதிக் கொடுத்தார்கள். குழல் போன்ற ஒரு கருவியில் கேப்சூலை இட்டு, திருகி உடைத்து, உள்ளிருக்கும் பொடியை மூச்சோடு உறிஞ்ச வேண்டும். கருவியை யாரும் காட்டித் தரவில்லை. அது பெட்டியோடு பூஜை அலமாரிக்குப் போயிற்று. அக்கா கேப்சூலை வெந்நீரோடு விழுங்கிவந்தாள், ஆறு மாதம். "இந்த மருந்தும் கேக்கலை தம்பி" என்றாள். எப்படிக் கேட்கும்? பிறகு விசாரித்தபோது, இப்படி விழுங்குபவர்கள் ஊரில் ஏராளம் என்று தெரிந்தது.

இத்தனை வருஷத்திலும் ஒருவர்கூட அவள் மூச்சை அளந்து பார்க்கவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியில் காசநோய் உண்டா என்றும் சோதித்தார்கள். மூச்சைக் காதால் கேட்டதோடு சரி.

அளந்தது தற்செயலாக. 2023 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு, ஒன்பது வயதுப் பேத்திக்கு இருமல். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவாள். பகலில் ஒன்றும் தெரியாது. ஓடி விளையாடினால் மட்டும் வரும். ‘சளி’ என்று சொல்லி மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. அரசு சுகாதார மையத்துக்குப் போகலாம் என்றாள் மருமகள். துணைக்கு அக்காவும் வந்தாள்.

இங்கே ஒரு விவரம். கேரள அரசு 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றத் தொடங்கினார்கள். அதோடு சேர்ந்து மூச்சு நோய்களுக்கென்று வந்ததுதான் ‘ஸ்வாஸ்’. ஆஸ்துமாவையும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் அருகிலேயே கண்டுபிடித்து, அருகிலேயே தொடர்ந்து பார்ப்பது அதன் நோக்கம். நர்சுகளுக்கே மூச்சை அளக்கப் பயிற்சி கொடுத்தார்கள். நம்மவர்கள் பலர் இலவச ஆஸ்பத்திரி என்றால் முகம் சுளிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அங்கிருந்த நர்ஸ் பாறசாலைப் பக்கம். தமிழ் தடையில்லாமல் வந்தது. ஒரு சாண் நீளக் குழலைப் பேத்தியின் கையில் கொடுத்து, மூச்சை நிறைய இழுத்து ஒரே வீச்சில் ஊதச் சொன்னார். உள்ளிருக்கும் முள் எண்களின்மேல் ஓடி நிற்கும். பீக் ஃப்ளோ மீட்டர் என்று பெயர். 1950களின் இறுதியில் இங்கிலாந்தில் மார்ட்டின் ரைட் என்பவர் இதைப் பெரிய கருவியாகச் செய்தார். பின்னால் கையில் அடங்கும் பிளாஸ்டிக் குழலாகச் சுருங்கியது. மூன்று முறை ஊதி, மூன்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். பேத்திக்கு 150. பிறகு ஒரு பிளாஸ்டிக் கூடு வழியாக சல்பூட்டமால் மருந்தை நாலு முறை உறிஞ்ச வைத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார். 195. முப்பது சதவீதம் கூடியிருந்தது.

"சுருங்குது, மருந்து கொடுத்தா விரியுது. ஆஸ்துமாவா இருக்கலாம்" என்றார் நர்ஸ். பிறகு படியேறி வந்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்து, "பாட்டி, நீங்களும் ஒருதரம் ஊதுங்க" என்றார்.

அக்காவுக்கு 130. மருந்துக்குப் பின் 135. அவள் வயதுக்கும் உயரத்துக்கும் வர வேண்டியதில் பாதிகூட இல்லை, மருந்துக்கும் அசையவில்லை. நர்ஸ் குழலைக் கீழே வைத்துவிட்டு, "பாட்டி, எந்த அடுப்பிலே சமைச்சீங்க? எத்தனை வருசம்?" என்று கேட்டார். முப்பது வருஷமாக நாங்கள் சந்தித்த யாரும் கேட்காத கேள்வி அது.

இரண்டு நோய்க்கும் வெளியே கேட்கும் சத்தம் ஒன்றுதான். உள்ளே நடப்பது வேறு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழலின் உட்சுவர் ஏதோ ஒன்றுக்கு முறைத்துக்கொண்டு வீங்கும். சுற்றியுள்ள தசை இறுகும். தூசி, பூஞ்சை, பூனை மயிர், சளிக்காய்ச்சல், குளிர்காற்று என்று எதுவும் காரணமாகலாம். அது கழிந்தால், அல்லது மருந்து போனால், குழல் விரியும். ஆகவே ஆஸ்துமாக்காரரின் மூச்சு நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். விடியலில் மோசம், மாலையில் தேவலை. பலருக்குச் சிறுவயதிலேயே தொடங்கும். வீட்டில் யாருக்காவது ஒவ்வாமையோ கரப்பானோ இருக்கும். அடைப்பு நோய் அப்படியல்ல. வருஷக்கணக்கான புகையால் சிறு குழல்கள் தடித்துத் தழும்பேறும். நுரையீரலின் காற்றறைகள் கிழிந்து ஒன்றாகும். பெரும்பாலும் நாற்பது வயதுக்குமேல் மெல்லத் தொடங்கி, பின்வாங்காமல் ஏறும். இன்றைக்கு ஒரு விதம், நாளைக்கு ஒரு விதம் என்பது அதில் குறைவு.

குழலில் ஊதியதை மட்டும் வைத்து அடைப்பு நோய் என்று தீர்ப்பெழுதக்கூடாது என்று டாக்டர் சொல்லி, ஸ்பைரோமெட்ரிக்கு அனுப்பினார். இதன் தாத்தாக் கருவியை 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தினார். அவர் அளந்தது நுரையீரலின் கொள்ளளவை. இன்றைய கருவி நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும். மூச்சை நிறைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, கடைசிச் சொட்டுவரை ஊத வேண்டும். மொத்தம் வெளிவந்த காற்றில் முதல் ஒரு நொடியில் எவ்வளவு வந்தது என்பதே கேள்வி. நல்ல நுரையீரல் முக்கால் பங்கை முதல் நொடியிலேயே தள்ளிவிடும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்துக்குப் பிறகும் இது 0.70க்குக் கீழே நின்றால் அடைப்பு நோய் என்பது கணக்கு. அக்காவுக்கு 0.54. மருந்தால் 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் ஆஸ்துமாவை நினைக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் வரம்பு. அக்காவுக்கு அதன் கிட்டேயும் வரவில்லை. முப்பது வருஷமாக ஆஸ்துமா என்று சொல்லப்பட்டது அடைப்பு நோய். வெறும் சளி என்று சொல்லப்பட்டது ஆஸ்துமா. ஒரே வீடு, ஒரே காலைப்பொழுது.

இது எங்கள் வீட்டு அபூர்வம் அல்ல. 2018இல் லான்செட் குழுமத்து மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கணக்குப்படி, 2016இல் இந்தியாவில் அடைப்பு நோய் உள்ளவர்கள் சுமார் 5.5 கோடி, ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.8 கோடி. அடைப்பு நோய் பீடி சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு மட்டும் வருவது என்று நினைத்துக்கொண்டு அடுப்படியில் நின்ற பெண்களை நாம் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

சரி, வைத்தியம். இரண்டு பேருக்கும் உறிஞ்சும் மருந்துதான். ஆனால் மருந்து வேறு. பேத்திக்கு வீக்கத்தைக் குறைக்கும் குறைந்த அளவு ஸ்டீராய்டு, நாள்தோறும். அக்காவுக்கு மூச்சுக்குழலை நாள் முழுவதும் விரித்து வைக்கும் மருந்து முக்கியம். 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டிகள், இழுப்பு வரும்போது மட்டும் சல்பூட்டமாலை உறிஞ்சி ஓட்டுவது பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஆகாது என்று சொல்லிவருகின்றன. அப்போதைக்கு மூச்சு இறங்கும், உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது காரணம்.

வீட்டில் அன்றைக்கே சண்டை. "பச்சைப்பிள்ளைக்குப் பம்பா?" என்றாள் அக்கா. "பம்பு பிடிச்சா பிறவு விடவே முடியாதாம்லா தம்பி." நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். டாக்டரிடம் அதையே கேட்டேன். அவர் ஒரு கணக்குச் சொன்னார். சல்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து. பம்பின் ஒரு அழுத்தலில் 100 மைக்ரோகிராம். அதாவது இருபதில் ஒரு பங்கு, அல்லது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றில் கரைந்து ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுக்கி, நெஞ்சைப் படபடக்க வைத்துவிட்டு நுரையீரலுக்கு வரும். பம்பின் மருந்து வேண்டிய இடத்துக்கே போகிறது. ஸ்டீராய்டுக்கும் இப்படியே. பிள்ளையின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவு வரலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. தூங்காத இரவுகளையும் அவசர ஊசிகளையும் எதிர்த்தட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். மருமகள் பார்த்தாள், சம்மதித்தாள்.

இந்தப் பம்பே ஒரு சிறுமியின் கேள்வியில் பிறந்தது. அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவருக்கு ஆஸ்துமா உள்ள மகள். கண்ணாடிக் குடுவையைப் பிசைந்து பிசைந்து மருந்து உறிஞ்சி அலுத்துப்போன அவள், 1955இல், அம்மாவின் வாசனைத் தெளிப்பான்போல இதையும் செய்யக்கூடாதா என்று கேட்டாளாம். மறுவருஷமே, 1956இல், பம்பு கடைக்கு வந்தது.

பிடிக்கும் முறையை நர்ஸ் எங்களை நாலு தடவை செய்ய வைத்துப் பார்த்தார். பம்பைக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டபின் வாயில் வைத்து உதட்டை மூடி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, இழுத்துக்கொண்டே போக வேண்டும். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் பிளாஸ்டிக் கூடு மாட்டிவிட்டால் அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவரவில்லையே என்ற தொல்லை இல்லை. பொடியை உறிஞ்சும் கருவி நேர் எதிர்: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஒன்றின் வழக்கத்தை மற்றதில் செய்தால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். ஸ்டீராய்டு உள்ளதென்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும். பூஜை அலமாரியிலிருந்த பழைய கருவியைக் கொண்டுபோய்க் காட்டினேன். நர்ஸ் சிரிக்கவில்லை. "உங்க தப்பில்ல பாட்டி" என்றார்.

பேத்தி இரண்டு மாதத்தில் இரவு முழுவதும் தூங்கினாள். காலையும் மாலையும் ஊதிய எண்ணை ஒரு நோட்டில் எழுதுவாள். எண் விழத் தொடங்கினால் இருமல் வருவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். கொசுவர்த்திச் சுருளை நிறுத்தினோம். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. குளத்தங்கரைக்காரர்களுக்குக் கொசுவலைதான் கதி. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி ஒரு தகராறாகி, கடைசியில் விளக்கோடு முடிந்தது.

அக்காவின் கதை அவ்வளவு சுலபம் இல்லை. போன நுரையீரல் திரும்பாது என்று டாக்டர் நேரிடையாகவே சொல்லிவிட்டார். இருப்பதைக் காப்பாற்றலாம். மருந்து, வருஷத்துக்கொரு ஃப்ளூ ஊசி, நிமோனியாவுக்கான ஊசி, தினசரி நடை. மூச்சு வாங்குகிறதென்று உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இளைத்து இன்னும் வாங்குமாம். மூக்கால் இழுத்து, சீழ்க்கை அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடப் பழக்கினார்கள். பேச்சு இரண்டு வார்த்தைக்குமேல் ஓடாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், பம்புக்கும் அடங்காவிட்டால், காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும் என்பதை அடுப்படிச் சுவரில் தமிழிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒருமுறை கூப்பிட்டுமிருக்கிறோம்.

பெரிய வழக்கு பொங்காலைக்குத்தான். ஆற்றுகால் எங்களுக்கு நடந்துபோகும் தூரம். மாசியில் பொங்காலை அன்று ஸ்ரீவராகம், மணக்காடு, கிழக்கே கோட்டை என்று தெருவெல்லாம் மூன்று செங்கல் வைத்து, மண்பானை ஏற்றி, மடலும் கொதும்பும் எரியும். 1997இல் 15 லட்சம் பெண்கள், 2009இல் 25 லட்சம் பேர் என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிய கூட்டம். கண்ணகியாக அம்மனைக் கும்பிடும் நம்மவர்களுக்கு அது சொந்த வீட்டு விசேஷம். அக்கா வந்த வருஷத்திலிருந்து விடாமல் வைத்தவள். அன்று தெருவில் எதிர்வீடு தெரியாது, அவ்வளவு புகை. "கூடாது" என்றார் டாக்டர். "நான் செத்தாலும் சரி" என்றாள் அக்கா. இரண்டு நாள் பேச்சு நின்றது.

கடைசியில் நர்ஸ்தான் பஞ்சாயத்து செய்தார். மருமகள் அக்காவின் பேரில் வாசலில் பானை வைத்தாள். அக்கா மேற்கு அறையில், ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, பம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நைவேத்தியம் முடிந்து, அடுப்புகளில் தண்ணீர் ஊற்றி, கூட்டம் கலைந்து, செங்கல் பொறுக்க மாநகராட்சி லாரி வரும் நேரத்துக்கு நான் போய்க் கதவைத் திறந்தேன். பேத்தி குழலைக் கொண்டுவந்தாள். அக்கா ஊதினாள். 140.

"இது போதுமாடே?" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு ஈரத்துணியைத் தாண்டி, வாசலுக்கு வந்து, பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அரிசி குழையவில்லை என்று மருமகளைக் குறை சொல்ல ஆரம்பித்தாள்.